செயல் ஆராய்ச்சியா? திட்டம் எங்கே உடைந்தது என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் இரண்டு வாரங்களுக்கு முன் வந்த கட்டுரையையும், அதற்கு மறுப்பாக வந்த வாசகர் கடிதத்தையும் அடுத்தடுத்துப் படித்தேன். கட்டுரை எழுதியவர் மருத்துவர். செயல் ஆராய்ச்சி என்பது, வேலை பார்க்கிறவர்களே தங்கள் இடத்தில் ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்து, நடந்ததைக் கவனித்து, மறுபடி திருத்திக்கொண்டே போவது. செவிலியர்கள் தங்கள் சொந்த வார்டிலேயே நடத்தும் செயல் ஆராய்ச்சியை ஆராய்ச்சி என்றே சொல்லக் கூடாது என்கிறார். ஒப்பிட்டுப் பார்க்க, மாற்றம் எதுவும் செய்யாத கட்டுப்பாட்டுக் குழு கிடையாது, ஒரே ஒரு வார்டு, ஆராய்கிறவரே அங்கே வேலை பார்க்கிறவர், பாதி வழியில் திட்டத்தையும் மாற்றிக்கொள்கிறார்கள், இதில் எதை நம்புவது என்று கேட்கிறார். மறுப்பு எழுதியவரோ, இது வேறு வகை ஆராய்ச்சி, இதற்கு ஏற்புடைமை (சொல்வதைத்தான் அளக்கிறோமா), நம்பகத்தன்மை (மறுபடி அளந்தாலும் அதே விடை வருமா) என்ற அளவுகோல்களே பொருந்தாது, வார்டில் நல்லது நடந்தால் போதாதா என்று முடித்துவிட்டார். எனக்கு இரண்டு பேர் மீதும் கோபம். மருத்துவர் மீது கொஞ்சம், எங்களுக்காகப் பேச வந்தவர் மீது நிறைய.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வார்டில் இருந்தவள். நடுவில் முதுகலை படித்தபோது நானே ஒரு செயல் ஆராய்ச்சி செய்தேன், அப்புறம் கல்லூரிப் பக்கம் போய் மாணவிகளின் ஆய்வேடுகளைத் திருத்தினேன், வைவா என்ற வாய்மொழித் தேர்வில் கேள்வி கேட்கிற நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே இதில் நடக்கிற நல்லதும் தெரியும், தில்லுமுல்லும் தெரியும்.

செயல் ஆராய்ச்சி என்ற பெயரை நிலைநிறுத்தியவர் கர்ட் லெவின் என்ற உளவியலாளர். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தவர். 1946இல் எழுதிய ஒரு கட்டுரையில், திட்டமிட்டு, செய்து, என்ன நடந்தது என்று பார்த்து, அதை வைத்து மறுபடி திட்டமிடுகிற ஒரு சுருள் வழியைச் சொன்னார்; வெறும் புத்தகங்களை மட்டும் தருகிற ஆராய்ச்சி போதாது என்பது அவர் கட்சி. அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். 1950களில் பள்ளி ஆசிரியர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், செவிலியர்கள் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தோம். நோயாளியைக் கவனி, திட்டமிடு, செய், பலன் இருந்ததா என்று மதிப்பிடு என்று முதலாம் ஆண்டிலேயே மனப்பாடம் செய்தவர்களுக்கு அந்தச் சுருள் புதிதாகத் தோன்றாததில் ஆச்சரியம் இல்லை.

மருத்துவரின் குற்றச்சாட்டில் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன், பாதி வழியில் திட்டத்தை மாற்றுவது. ஒரு மருந்தைச் சோதிக்கும்போது, முன்கூட்டியே எழுதிவைக்காமல் நடுவில் அளவை மாற்றினால் அந்தச் சோதனை கெட்டுப்போச்சு, சரிதான். ஆனால் செயல் ஆராய்ச்சியில் முதல் நாள் போட்ட திட்டம் கடைசி நாள் வரை அப்படியே இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். அங்கே யாரும் எதையும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்ததை எழுதவில்லை. ஆய்வேடு கையில் வந்தால் நான் முதலில் தேடுவது முடிவுரையை அல்ல. திட்டம் எங்கே உடைந்தது, யார் சொல்லி உடைந்தது, உடைந்த பிறகு என்ன செய்தார்கள் என்ற பக்கத்தைத் தேடுவேன். பல ஆய்வேடுகளில் அந்தப் பக்கம் இருப்பதே இல்லை. முதல் சுழற்சி, இரண்டாம் சுழற்சி, மூன்றாம் சுழற்சி என்று வட்டம் வட்டமாக அழகான படம் இருக்கும். நடந்தது என்னவென்றால் ஒரு வகுப்பு எடுத்தார்கள், முன்னால் ஒரு தேர்வு, பின்னால் ஒரு தேர்வு, மதிப்பெண் கூடியது. அது ப்ரீ டெஸ்ட், போஸ்ட் டெஸ்ட் ஆய்வு. அதைச் செய்வதில் தவறில்லை, பெயரை மட்டும் மாற்றி ஒட்டாதீர்கள்.

என் சொந்தக் கதையைச் சொல்கிறேன், அதில் என் தப்பும் இருக்கிறது. வயதானவர்கள் அதிகம் இருந்த வார்டு. இரவில் கழிப்பறைக்குப் போகும்போது விழுந்துவிடுவார்கள். நான்தான் வார்டு இன்சார்ஜ், நான்தான் ஆராய்ச்சியாளர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கட்டிலாகப் போய்ப் பார்ப்பது, போக வேண்டுமா என்று கேட்பது, பார்த்ததற்கு சார்ட்டில் டிக் போடுவது, இவ்வளவுதான் திட்டம். எல்லோரும் சம்மதித்தார்கள். கையெழுத்தும் போட்டார்கள்.

முதல் மாத முடிவில் எண்ணிப் பார்த்தால் விழுந்தவர்களின் எண்ணிக்கை குறையவில்லை, கூடியிருந்தது. மேலிடத்தில் இதை நிறுத்திவிடலாம் என்றார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, இரண்டு நாள் அந்தக் கோப்பைத் தொடவே இல்லை. அப்புறம் பழைய பதிவேட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். அதில் இருந்ததெல்லாம் எலும்பு முறிந்தவை, தலையில் தையல் போட்டவை. கட்டில் ஓரத்திலிருந்து சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டவர், சுவரைப் பிடித்துக்கொண்டே சரிந்தவர், இப்படி ஒருவர்கூட இல்லை. எழுதினால் திட்டு விழும் என்று யாரும் எழுதியதில்லை, நானும் திட்டியவள்தான். ஆய்வு தொடங்கிய பிறகு எழுதினால் திட்டமாட்டேன் என்று சொன்னதால் எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். ஆக, கூடியது விழுந்தவர்கள் எண்ணிக்கையா, எழுதியவர்கள் எண்ணிக்கையா? முன்பு அளந்த கோலும் பின்பு அளந்த கோலும் ஒன்று இல்லை. இதைத்தான் வகுப்பில் ஏற்புடைமை, அதாவது வேலிடிட்டி என்று சொல்லித் தருகிறோம், எதை அளப்பதாகச் சொல்கிறோமோ அதைத்தான் அளக்கிறோமா என்ற கேள்வி. எண்ணிக்கை குறைந்திருந்தால் நான் அந்தப் பழைய பதிவேட்டைத் திறந்தே இருக்க மாட்டேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். நமக்குப் பிடித்த முடிவு வந்தால் யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் நடந்தது. சார்ட்டில் டிக் எல்லாம் கச்சிதமாக இருந்தது, பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஒன்றுகூட விடுபடவில்லை. மாதாந்திரக் கூட்டத்தில் இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கூட்டத்துக்கு நாற்காலி எடுத்துப் போட வந்த வார்டு உதவியாளர் அம்மா, வாசலில் நின்றபடியே, "டிக்கு நீங்க போடுறீங்க சிஸ்டர், ராத்திரி அவங்களக் கூட்டிட்டுப் போறது நானு. என்னை யாரும் ஒண்ணும் கேக்கலியே" என்றார். அறையில் யாரும் பேசவில்லை. விசாரித்தால், டிக் எல்லாம் விடியற்காலையில் மொத்தமாகப் போட்டது. இரவில் இரண்டு செவிலியர்தான், ஒருவர் புதிதாகச் சேர்ந்த நோயாளியோடு இருந்தால் மற்றவர் மருந்தோடு இருப்பார், சுற்றி வர ஆள் எங்கே? திட்டம் போட்ட எனக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தும் போட்டேன்.

அந்த அம்மாவைக் கூட்டத்தில் உட்கார வைத்தோம். யார் எந்த நேரத்தில் எழுவார்கள், யார் கூப்பிடாமல் தானே இறங்கிவிடுவார்கள், எந்தக் கட்டிலின் அருகில் தரை ஈரமாகிறது என்று எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு மணி நேரக் கணக்கைக் கைவிட்டு, தூங்கப் போகும் முன் ஒருமுறை, விடியும் முன் ஒருமுறை, நடுவில் அவர் சொல்கிற நாலைந்து பேரை மட்டும் என்று மாற்றினோம். டூட்டி மாறும்போது ரிப்போர்ட் கொடுக்கும் இடத்தில் அவரும் நிற்க வேண்டும் என்று முடிவானது. என் ஆய்வில் ஏதாவது ஏற்புடைமை இருக்கிறது என்றால் அது இந்த இடத்தில் இருக்கிறது என்று இன்றும் நினைக்கிறேன். அந்த அழகான சார்ட்டில் இல்லை.

இனி மறுப்புக் கடிதம் எழுதியவருக்கு. செயல் ஆராய்ச்சிக்கு அளவுகோலே கிடையாது என்பது தவறு. இதற்கென்றே பலர் மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்திருக்கிறார்கள். 1985இல் லிங்கன், கூபா என்ற இரண்டு கல்வி ஆய்வாளர்கள், எண்ணிக்கை சாராத ஆய்வுகளுக்கென்று நான்கு கேள்விகளை முன்வைத்தார்கள்: சொல்வது நம்பும்படி இருக்கிறதா, வேறு இடத்துக்கு எடுத்துப் போக முடியுமா, வந்த வழியைத் தடம் பிடித்துச் சரிபார்க்க முடியுமா, முடிவு தரவிலிருந்து வந்ததா அல்லது ஆய்வாளரின் ஆசையிலிருந்து வந்ததா. பின்னர் ஹெர், ஆண்டர்சன் என்ற கல்வி ஆய்வாளர்கள் இருவரும் செயல் ஆராய்ச்சிக்கென்றே ஐந்து வகை ஏற்புடைமையைச் சொன்னார்கள். பிரச்சினை தீர்ந்ததா, அல்லது குறைந்தது அதைப் பற்றிய கேள்வியாவது கூர்மையானதா என்பது ஒன்று. சுழற்சிகள் உண்மையிலேயே ஒன்றிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டனவா என்பது இரண்டு. பாதிக்கப்படும் எல்லோருக்கும் அதில் குரல் இருந்ததா, பங்கேற்றவர்கள் தங்கள் நிலைமையைப் புதிதாகப் பார்த்து நகர்ந்தார்களா, வெளியாள் ஒருவர் கேள்வி கேட்டு உலுக்கிப் பார்த்தாரா என்பவை மற்றவை. இதில் நான்காவது, 1986இல் பாட்டி லேதர் (Patti Lather) என்ற கல்வி ஆய்வாளர் பேசிய கருத்திலிருந்து வருகிறது. பிரிட்டனில் 2001இல் வெளியான ஒரு முறையான மீளாய்வு, மருத்துவத் துறையில் நடக்கும் செயல் ஆராய்ச்சிகளை மதிப்பிடுவதற்கென்றே 20 கேள்விகளைத் தொகுத்துக் கொடுத்தது. இவ்வளவு இருக்கும்போது அளவுகோல் வேண்டாம் என்பது, தேர்வே வேண்டாம், என்னைப் பாஸ் போட்டுவிடுங்கள் என்பது போல.

ஆனால் இந்தச் சொற்களுக்கு நேர்ந்த கதி வேறு. இப்போது ஆய்வேடுகளில் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பத்தி மந்திரம் மாதிரி வந்துவிடுகிறது: பல வழிகளில் தரவு திரட்டப்பட்டது, பங்கேற்பாளர்களிடம் காட்டிச் சரிபார்க்கப்பட்டது, தணிக்கைத் தடம் (எந்த முடிவுக்கு எப்படி வந்தோம் என்ற பதிவு) பேணப்பட்டது. சரி, காட்டினீர்களே, யாராவது "நான் அப்படிச் சொல்லவில்லை" என்றார்களா? சொன்னால் எதை மாற்றினீர்கள்? வைவாவில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பெரும்பாலும் மௌனம். ஒரு மாணவி மட்டும், எழுதியதைக் காட்டியபோது ஒரு நோயாளியின் மகள் கோபப்பட்டு எழுந்து போனதையும், அதனால் ஒரு தலைப்பையே தூக்கிவிட்டதையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். இதை ஏன் ஆய்வேட்டில் எழுதவில்லை என்று கேட்டேன். "மார்க் குறையும்னு கைடு சொன்னாங்க மேடம்" என்றார். அந்தக் கைடு அறையில்தான் இருந்தார்.

குரல் இருந்ததா என்ற கேள்விதான் எங்கள் துறையில் ரொம்பச் சிக்கலானது. ஒரு வார்டு இன்சார்ஜ் ஆராய்ச்சி செய்கிறேன், சேர்ந்துகொள்கிறீர்களா என்று கேட்டால் ஜூனியர் செவிலியர் "சரி சிஸ்டர்" என்பார். டூட்டி லிஸ்ட் போடுவது அந்த இன்சார்ஜ். விடுமுறை கொடுப்பது அவர். அந்த "சரி"க்கு என்ன மதிப்பு? குழுவாக உட்கார வைத்துக் கருத்துக் கேட்டால் எல்லோரும் நன்றாக இருந்தது என்பார்கள். பெயரை மறைத்தாயிற்று என்று எழுதுவதும் வேடிக்கை. ஒரே வார்டில் பத்துப் பேர் என்றால் "ஒரு மூத்த செவிலியர் கூறினார்" என்றாலே யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் ஆய்வாளர் உள்ளேயே இருப்பவர் என்பது மட்டும் குறை ஆகாது, உள்ளே இருந்ததால்தான் எனக்குப் பழைய பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தது. தன் அதிகாரம் பதில்களை எப்படி வளைத்தது என்று அவர் எழுதியிருக்கிறாரா, வேறொருவரை விட்டுப் பேட்டி எடுக்க வைத்தாரா, ஒத்துக்கொள்ளாதவர் சொன்னது அறிக்கையில் எங்காவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மாறுபட்ட குரல்கூட இல்லாத செயல் ஆராய்ச்சி அறிக்கையை நான் நம்புவதில்லை. அப்புறம் நோயாளி. அவருக்காகத்தான் எல்லாம், ஆனால் திட்டம் போடும் மேசையில் அவரோ அவர் வீட்டாரோ உட்கார்ந்ததாக நான் படித்தவற்றில் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். என் ஆய்விலும் இல்லை.

மருத்துவர் சொன்னதில் சரியானதும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். ஒரே வார்டில் முன்னால் ஒரு எண், பின்னால் ஒரு எண் வைத்துக்கொண்டு "எங்கள் திட்டத்தால் குறைந்தது" என்று எழுதுவது பெரிய தாவல். பெரும்பாலும் ஒரு மோசமான மாதத்துக்குப் பிறகுதான் இதுமாதிரி ஆய்வைத் தொடங்கவே தோன்றும். மோசமான மாதத்துக்கு அடுத்த மாதம் தானாகவே கொஞ்சம் நன்றாக இருக்கும், நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும். கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்தாலே நடத்தை மாறும் என்பதற்கு 1924இல் சிகாகோ அருகே ஹாதார்ன் தொழிற்சாலையில் தொடங்கிய சோதனைகளைச் சொல்வார்கள். வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி கூடியது என்று கதை போகும். அந்தத் தரவையே பின்னால் வந்தவர்கள் கேள்வி கேட்டார்கள் என்பது வேறு விஷயம், ஆனாலும் கை கழுவுவதை ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு நின்று எண்ணினால் என்ன ஆகும் என்று வார்டில் இருந்த யாருக்கும் தெரியும். அதனால் முன், பின் என்று இரண்டே புள்ளிகள் வைக்காமல், மாதா மாதம் புள்ளி வைத்து ஒரு கோடு வரையுங்கள், ஆய்வுக்கு முந்தைய மாதங்களையும் சேர்த்து. கோடு ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்ததா என்பது பளிச்சென்று தெரியும். இதற்குப் பெரிய புள்ளியியல் அறிவு எதுவும் வேண்டாம். சொல்லும் முடிவும் அந்தக் கோடு தாங்குகிற அளவுக்கு இருந்தால் போதும்.

ஆனால் "ஒரே ஒரு வார்டு" என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. ஒரு வார்டில் நடந்ததை எல்லா வார்டுக்கும் பொது விதி என்று யாராவது சொன்னால் தவறு. எங்கள் வார்டில் இப்படி இருந்தது, இதைச் செய்தோம், இது நடந்தது, உங்கள் வார்டு எங்களுடையதைப் போல இருந்தால் யோசித்துப் பாருங்கள் என்றால் அதில் என்ன தவறு? அப்படி யோசிக்க வாசகருக்குத் தகவல் வேண்டும். இங்கேதான் எங்கள் ஆய்வேடுகள் சொதப்புகின்றன. பங்கேற்ற செவிலியர்களின் வயது, பாலினம், கல்வித் தகுதி, திருமண நிலை என்று நாலு பக்க அட்டவணை இருக்கும், சதவீதத்தோடு, வண்ணப் படத்தோடு. இரவில் எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள், எத்தனை கட்டில், கழிப்பறை எவ்வளவு தூரம், இன்சார்ஜ் இதை ஆதரித்தாரா எதிர்த்தாரா, நடுவில் யார் மாற்றலாகிப் போனார்கள், ஒன்றும் இருக்காது. செவிலியருக்குத் திருமணம் ஆகியிருப்பதற்கும் நோயாளி கீழே விழுவதற்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்கு யாரும் விளக்கவில்லை.

வெறும் தணிக்கைக்கும் இதற்கும் வித்தியாசம் கேட்பவர்கள் உண்டு. விதித்த தரத்தின்படி நடக்கிறோமா என்று சரிபார்ப்பது தணிக்கை. அந்தத் தரமே இங்கே சரிதானா, யார் வைத்தது என்றும் சேர்த்துக் கேட்பது செயல் ஆராய்ச்சி. எல்லை சில சமயம் மங்கலாகத்தான் இருக்கும், அதில் எனக்குப் பெரிய கவலை இல்லை.

தேர்வாளர்களாக இருக்கும் என் பழைய சகாக்களும் இந்த நாளிதழைப் படிப்பவர்கள் என்பதால் ஒரு வார்த்தை. செயல் ஆராய்ச்சி செய்து வந்த மாணவியிடம் மாதிரி அளவை எந்தச் சூத்திரத்தில் கணக்கிட்டாய், கருதுகோள் ஏற்கப்பட்டதா நிராகரிக்கப்பட்டதா என்று கேட்டு அழவைக்காதீர்கள். நீங்கள் அப்படிக் கேட்பதால்தான் அவர்கள் நடந்ததை விட்டுவிட்டு நடக்காத ஒரு நேர்த்தியை எழுதிக்கொண்டு வருகிறார்கள். கடைசிக் கூட்டம் முடிந்து ஆறு மாதம் கழித்து அந்த வார்டுக்குப் போய்ப் பார்த்தாயா என்று கேளுங்கள். படிப்புக் காலம் அதற்கு இடம் கொடுப்பதில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் மாற்றம் நடந்தது என்று எப்படிச் சொல்வது?

உங்கள் மருத்துவப் பக்க ஆசிரியருக்கும் அதே வேண்டுகோள். அடுத்த முறை ஏதோ ஒரு மருத்துவமனையில் செவிலியர்களின் ஆய்வால் படுக்கைப்புண் குறைந்தது, விழுவது குறைந்தது என்று செய்தி வந்தால், போடுவதற்கு முன் எப்படி எண்ணினார்கள், ஆய்வு முடிந்த பின்னும் எண்ணுகிறார்களா என்று ஒரு ஃபோன் செய்து கேட்டுவிட்டுப் போடுங்கள்.

நான் அந்த வார்டை விட்டு வந்து வெகு நாள் கழித்து, உறவினர் ஒருவரைப் பார்க்க அங்கே போக நேர்ந்தது. பழக்கம் விடாமல் சார்ட் மாட்டும் இடத்தைப் பார்த்தேன். சார்ட் இல்லை, அப்படி ஒன்று இருந்ததே இப்போதிருந்த செவிலியர்களுக்குத் தெரியவில்லை. இரவு டூட்டிக்கு ஆள் மாறும் நேரம் அது. ரிப்போர்ட் சொல்லத் தொடங்கும் முன் ஒரு செவிலியர் திரும்பிப் பார்த்து, "அக்கா வரட்டும்" என்றார். வார்டு உதவியாளர் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். நான் அறிந்த அம்மா இல்லை, வேறு யாரோ, இளம்பெண். அவர் வந்த பிறகுதான் முதல் கட்டிலிலிருந்து ஆரம்பித்தார்கள். என் ஆய்வேட்டில் சார்ட்டின் மாதிரி பின்னிணைப்பாக இருக்கிறது. இது இல்லை, அதற்குள் பைண்டிங் ஆகி நூலகத்துக்குப் போய்விட்டிருந்தது.

இப்படிக்கு,
பணி நிறைவு பெற்ற ஒரு வார்டு செவிலியர்